2008 செப்டம்பர்: ஒரு திங்களின் உலகச் செய்திகளும் அவற்றில் இடம்பெற்ற சொற்களும்

நாளிதழை மொழிப்பாடத்திற்குரிய துணைப்பொருளாகக் கொள்வது நம் தமிழாசிரியர்களிடையே நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். கருத்துணர்தல், சொல்வளம், சுருக்கி வரைதல் ஆகிய பயிற்சிகளுக்குச் செய்திகள் பெரிதும் உதவுகின்றன. ஆயினும் உலகச் செய்திகளைப் பொறுத்தவரையில் ஓர் இடர்ப்பாடு உண்டு. அவை பெரும்பாலும் பன்னாட்டுச் செய்தி நிறுவனங்கள் ஆங்கிலத்தில் வழங்குவனவற்றை ஓரிரு மணி நேரத்தில் தமிழாக்கம் செய்து வெளியிடப்படுபவை. சொற்கள் தமிழாகிவிடுகின்றன, பொருள் பல வேளைகளில் வழியிலேயே நின்றுவிடுகிறது. இக்கட்டுரை ஒரு குறிப்பிட்ட திங்களின் செய்திகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் உட்பொருளை விளக்க முற்படுகிறது. நாம் தேர்ந்துகொண்ட திங்கள் 2008ஆம் ஆண்டு செப்டம்பர்.

அத்திங்களின் முப்பது நாள்களுக்குள் அமெரிக்க முதலீட்டு வங்கிகளுள் நான்காம் பெரியது வீழ்ந்தது. ஜப்பான், தாய்லாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் தலைமை மாறியது. பாகிஸ்தானில் புதிய அதிபர் பதவியேற்றார். உலகின் மிகப் பெரிய துகள் மோதுவி இயங்கத் தொடங்கி ஒன்பதே நாளில் பழுதுற்றது. சீனாவில் குழந்தைகளுக்கான பால்மாவில் நச்சு கலந்திருந்தது வெளிப்பட்டது. இவற்றையெல்லாம் சமமாக விளக்கப் புகுந்தால் அது ஆண்டுமலராகிவிடும். ஆகவே, ஒரு சொல்லோ ஒரு தேதியோ ஓர் அளவோ செய்தியின் போக்கையே தீர்மானித்த நிகழ்வுகளை மட்டும் ஈண்டுக் காண்போம். மொழி ஆசிரியர்களாகிய நமக்கு அவையே நெருக்கமானவை.

தேதி தவறிய இரு செய்திகள்

முதலில் செய்தி என்பதன் நம்பகத்தன்மையைத் தொட்ட இரு சிறு நிகழ்வுகள். செப்டம்பர் 8ஆம் நாள் அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமான நிறுவனம் திவாலாகிவிட்டது என்னும் செய்தி பங்குச் சந்தை முகவர்களின் கணினித் திரைகளில் தோன்றியது. 12 டாலரை ஒட்டி விலைபோன பங்கு சில நிமிடங்களில் 3 டாலர் அளவிற்குச் சரிந்தது. வணிகம் நிறுத்தி வைக்கப்பட்டு விசாரித்தபோது, அச்செய்தி ஆறாண்டுக்கு முற்பட்டது எனத் தெரியவந்தது. அந்நிறுவனம் 2002 டிசம்பரில் உண்மையாகவே நீதிமன்றப் பாதுகாப்பை நாடியிருந்தது. 2006இல் அதிலிருந்து மீண்டும்விட்டது. அக்காலத்துச் செய்தி ஒரு நாளிதழின் இணையக் கிடங்கில் தேதியின்றிக் கிடந்தது. கூகுளின் தேடுபொறி அதனைக் கண்டெடுத்தபோது தேதி காணாமையால் கண்டெடுத்த நாளையே அதற்குரிய தேதியாகக் கொண்டது. அதனை ஒருவர் படித்துப் பிறருக்கு அனுப்பினார். மற்றவை தாமே நிகழ்ந்தன. உண்மை வெளிப்பட்டபின் பங்கின் விலை 11 டாலரை ஒட்டி மீண்டது. ஆனால், 3 டாலருக்கு விற்றவர்களுக்கு அது பயன்படவில்லை. செய்தியின் ஒவ்வொரு சொல்லும் ஒரு காலத்தில் மெய்யாக இருந்தது என்பதே இதில் கவனிக்கத்தக்கது.

மற்றொன்று இதற்கு நேர்மாறானது. சீனாவின் சென்சோ 7 விண்கலம் செப்டம்பர் 25ஆம் நாள் இரவு ஏவப்பட்டது. அதற்குச் சில மணி நேரம் முன்னரே, கலம் விண்ணில் சீராகப் பறப்பதாகவும் வீரர்கள் தரைக் கட்டுப்பாட்டு நிலையத்துடன் உரையாடுவதாகவும் வருணிக்கும் கட்டுரை ஒன்று சின்ஹுவா செய்தி நிறுவனத்தின் இணையத்தளத்தில் வெளிவந்துவிட்டது. அதில் இடப்பட்டிருந்த தேதி செப்டம்பர் 27. தொழில்நுட்பப் பிழை எனக் கூறி அது நீக்கப்பட்டது. விண்வெளிப் பயணம் வெற்றி பெற்றது; 27ஆம் நாள் சாய் சிகாங் கலத்திற்கு வெளியே வந்து சீனாவின் முதல் விண்வெளி நடையை நிகழ்த்தினார். முன்கூட்டியே எழுதி வைப்பது செய்தித்துறையில் புதிதன்று. தலைவர்களின் இரங்கற்குறிப்புகள் அவ்வாறுதான் அணியமாகின்றன. எனினும், வீரர்கள் இன்னும் பேசாத உரையாடலை எழுதி வைத்ததை இரங்கற்குறிப்போடு ஒப்பிட இயலாது.

திவால், அடகு, கிரயம்

அத்திங்களின் தலையாய செய்தி லேமன் பிரதர்ஸ் நிறுவனத்தின் வீழ்ச்சியாகும். பவேரியாவிலிருந்து அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திற்குக் குடியேறிய உடன்பிறந்தோர் மூவரால் 1850இல் நிறுவப்பெற்று, பருத்தி வணிகத்தில் தொடங்கி, முதலீட்டு வங்கியாக வளர்ந்த அந்நிறுவனம் 158 ஆண்டுகளுக்குப் பின் செப்டம்பர் 15ஆம் நாள் நியூயார்க் நீதிமன்றத்தில் மனுச் செய்தது. அப்போது அதன் சொத்து மதிப்பு 639 பில்லியன் டாலர். கடன் 613 பில்லியன் டாலர். பணியாளர் ஏறத்தாழ 25,000 பேர். அமெரிக்க வரலாற்றில் அதற்கு முன்னர் அவ்வளவு பெரிய திவால் நிகழ்ந்ததில்லை.

இவ்விடத்தில் எண்ணைப் பற்றி ஒரு சொல். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் இதழ்கள் பில்லியன் என்றே எழுதுகின்றன. தமிழக இதழ்கள் கோடியில் கணக்கிடுகின்றன. ஒரு பில்லியன் என்பது 100 கோடி. ஆகவே, 639 பில்லியன் என்பது 63,900 கோடி. இரு வழக்குகளையும் கலந்து படிக்கும் மாணவர்கள் ஒரு சுழியைக் கூட்டியோ குறைத்தோ எழுதிவிடுவது வகுப்பறையில் அன்றாடம் காணக்கூடியது. எண்ணின் பெயர் மாறும்போது அளவும் மாறிவிடாமல் காப்பது கணித ஆசிரியரின் பணி மட்டுமன்று.

மேற்கண்ட கணக்கைக் கூர்ந்து நோக்கும் மாணவன் ஒரு கேள்வி எழுப்புவான். சொத்து கடனைவிட மிகுதியாக இருக்கத் திவால் எவ்வாறு ஏற்பட்டது? விடை, அன்றாடம் திருப்பித் தரவேண்டிய ரொக்கம் கையில் இல்லாமையே. வீடும் நிலமும் உடையவர் மறுநாள் காலையில் தரவேண்டிய கைமாற்றைத் தர இயலாமல் தவிப்பதைப் போன்றது இது. அச்சொத்துகளில் பெரும்பகுதி வீட்டுக் கடன்களைச் சார்ந்தவை. ஏட்டில் எழுதப்பட்ட விலைக்கு அவற்றை வாங்க ஒருவரும் முன்வரவில்லை.

தமிழ் இதழ்கள் ஆண்ட ‘திவால்’ என்னும் சொல் இந்துஸ்தானி வழியே நம் மொழிக்கு வந்தது. அது கடை மூடப்பட்டுவிட்டது, ஆள் ஊரைவிட்டே போய்விட்டான் என்னும் பொருளை உள்ளடக்கியது. ‘மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்’ என்று தமிழகத்தார் பேச்சில் வழங்குவதும் இப்பொருளிலேயே. அமெரிக்கச் சட்டத்தின் 11ஆம் அதிகாரத்தின்கீழ்ச் செய்யப்படும் மனுவோ, கடன்காரர்கள் உடனடியாகச் சொத்தைப் பறித்துக்கொள்ளாதவாறு நீதிமன்றத்தின் காப்பை வேண்டுவது. அக்காப்பின்கீழ் நிறுவனம் மீண்டெழவும் கூடும். யுனைடெட் ஏர்லைன்ஸ் எழுந்தது. லேமன் எழவில்லை. அதன் பங்குத் தரகுப் பிரிவின் கணக்கு முடிக்கப்பட்டது 2022இல். பதினான்கு ஆண்டுகள் ஆயின. ஒரே சொல்லால் இவ்விரண்டையும் குறிப்பது போதாது என்பது நம் கருத்து. ‘நொடிப்பு’ என்பதை இயலாமைக்கும், ‘நொடிப்புக் காப்பு’ என்பதை மனுவுக்கும் ஆளலாம்.

சொல்லாட்சி குறித்து இன்னும் நுட்பமான செய்தி ஒன்று ஒன்றரை ஆண்டு கழித்து வெளிவந்தது. நீதிமன்றம் அமர்த்திய ஆய்வாளர் ஆன்டன் வலுகாஸ் 2010 மார்ச்சில் ஏறத்தாழ 2,200 பக்க அறிக்கையை வெளியிட்டார். காலாண்டுக் கணக்கு முடியும் தறுவாயில் லேமன் தன் பத்திரங்களைப் பிறரிடம் கொடுத்துப் பணம் பெற்று, சில நாள்களில் பணத்தைத் திருப்பித் தந்து பத்திரங்களை மீட்டுக்கொண்டது. நம் வழக்கில் இதற்கு அடகு என்றே பெயர். ஆனால், 100 டாலர் பணத்திற்கு 105 டாலர் மதிப்புள்ள பத்திரத்தைக் கொடுத்தமையால் இதனை விற்பனையாகக் கணக்கிலேற்றலாம் என அந்நிறுவனம் கொண்டது. ரெப்போ 105 என்னும் பெயர் இவ்வாறு வந்ததே. அடகு கிரயமாக எழுதப்பட்டபோது கடன் ஏட்டிலிருந்து மறைந்தது. 2008இன் இரு காலாண்டுகளின் இறுதியில் இவ்வாறு மறைக்கப்பட்ட தொகை ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 50 பில்லியன் டாலர். இதனை மெய்யான விற்பனை எனச் சான்றளிக்க அமெரிக்கச் சட்ட நிறுவனம் எதுவும் கிடைக்காமையால், இலண்டனில் ஆங்கிலச் சட்டத்தின்கீழ்க் கருத்துரை பெறப்பட்டது என்பதும் அறிக்கையில் உண்டு. கடைக்கோடியில் வட்டிக்கடை வைத்திருந்த நம் முன்னோர் எவரிடமேனும் இதனைக் காட்டியிருந்தால், எது அடகு, எது கிரயம் என்பதை ஒரு நொடியில் சொல்லியிருப்பார்.

காப்பீடு அல்லாத காப்பீடு

மறுநாள், செப்டம்பர் 16. அமெரிக்க நடுவண் வங்கி ஏ.ஐ.ஜி. என்னும் காப்பீட்டு நிறுவனத்திற்கு 85 பில்லியன் டாலர் வரை கடன் வழங்க முன்வந்து, அதன் 79.9 விழுக்காட்டு உரிமையை அரசின்பால் கொண்டது. காப்பீட்டு நிறுவனம் ஒன்று ஏன் தடுமாற வேண்டும்? அதன் இலண்டன், கனெடிகட் கிளைகள் ஒருவகை ஒப்பந்தத்தை உலக வங்கிகளுக்கு விற்றிருந்தன. கடன் வாங்கியவர் தவறினால் இழப்பை நாம் ஈடுசெய்கிறோம், அதற்காக ஆண்டுதோறும் கட்டணம் தருக என்பது அதன் சாரம். இதனைக் காப்பீடு என்று சொல்லாதவர் இரார். ஆனால், ஆங்கிலத்தில் இதற்கு இடப்பட்ட பெயரில் காப்பீடு என்னும் சொல் இல்லை. ‘பரிமாற்றம்’ என்னும் சொல்லே இருந்தது. கடன் தவறுகைப் பரிமாற்றம் எனலாம்.

பெயரில் என்ன என்று கேட்கலாம். காப்பீடு என்றால், இழப்பு நேர்ந்தால் தருவதற்கு நிதி ஒதுக்கி வைத்தல் சட்டப்படி கட்டாயம். பரிமாற்றத்திற்கு அக்கட்டாயம் இல்லை. வாங்குபவருக்கு மெய்யான இழப்பு நேர்ந்தாலும் நேராவிட்டாலும் பணம் தரப்படுமாயின் அது காப்பீடு ஆகாது என்னும் கருத்துரையை நியூயார்க் மாநிலக் காப்பீட்டுத் துறை 2000ஆம் ஆண்டில் வழங்கியிருந்தது. அதே ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் பிற கட்டுப்பாடுகளிலிருந்தும் இவ்வொப்பந்தங்களை விலக்கியது. தம்முடையதல்லாத வீட்டுக்குத் தீக்காப்பு எடுக்க முடியாது என்பது காப்பீட்டின் அடிப்படை நெறி. பரிமாற்றம் என்னும் பெயரின்கீழ் யாரும் யாருடைய வீட்டுக்கும் தீக்காப்பு எடுக்கலாம்; ஒரே வீட்டுக்கு நூறு பேர் எடுக்கலாம். வீடுகள் எரியத் தொடங்கின. அரசு ஒதுக்கிய உதவி இறுதியில் ஏறத்தாழ 182 பில்லியன் டாலரை எட்டியது. 2012 டிசம்பரில் அரசு தன் பங்குகள் அனைத்தையும் விற்றபோது ஏறத்தாழ 22.7 பில்லியன் டாலர் ஆதாயம் கண்டது என்பதையும் கூறுதல் நேர்மை.

சிங்கப்பூரில் இதன் அதிர்வு உடனே தெரிந்தது. ஏ.ஐ.ஜி.யின் துணை நிறுவனமாக அப்போதிருந்த ஏ.ஐ.ஏ.வின் ஃபின்லேசன் கிரீன் அலுவலகத்தின்முன் செப்டம்பர் 17இல் காப்புறுதிதாரர்கள் வரிசை பிடித்து நின்றனர். காப்புறுதிதாரருக்குரிய நிதி தனியே பாதுகாக்கப்பட்டுள்ளது என்றும் அவசரப்பட்டுத் திட்டங்களைக் கைவிட வேண்டா என்றும் சிங்கப்பூர் நாணய ஆணையம் அறிவித்தது. அவ்வறிவிப்பு மெய்யே. பெயர் காப்பீடு என்று இருந்த இடத்தில் பணம் இருந்தது.

வேறொரு கூட்டத்தாருக்கு அந்நிலை வாய்க்கவில்லை. வங்கிகளும் தரகு நிறுவனங்களும் 2006, 2007 ஆண்டுகளில் பொதுமக்களுக்கு விற்ற ‘மினிபாண்ட்’ என்பது சிறு கடன்பத்திரம் என்றே கேட்பார் காதில் விழும். கடன்பத்திரம் என்றால் ஒரு நிறுவனத்திற்குக் கடன் கொடுத்து, வட்டி பெற்று, தவணை முடிவில் முதலைத் திரும்பப் பெறுதல். மினிபாண்டை வெளியிட்டதோ கேமன் தீவுகளில் இதற்கென்றே பதிவு செய்யப்பட்ட நிறுவனம். வாங்கியவரின் பணம் வேறு பல கடன்களின் தொகுப்பில் இடப்பட்டது. வட்டி என்று அவர் பெற்றது, பெயர்பெற்ற சில பன்னாட்டு நிறுவனங்களுள் ஒன்றேனும் தவறினால் இழப்பைத் தாம் ஏற்பதாக ஒப்புக்கொண்டதற்கான கட்டணம். அதாவது, ஓய்வூதியத் தொகையைப் பாதுகாப்பாகப் போட்டு வைத்ததாக எண்ணிய முதியவர், தாம் அறியாமலே ஏ.ஐ.ஜி. செய்துகொண்டிருந்த தொழிலைத் தாமும் செய்தார். இவ்வமைப்பின் எதிர்த்தரப்பாக லேமன் இருந்தது. அது வீழ்ந்ததும் அமைப்பு கலைந்தது. மினிபாண்டையும் அதனையொத்த பிற பத்திரங்களையும் வாங்கியோர் சிங்கப்பூரில் ஏறத்தாழ 10,000 பேர். தொகை 50 கோடி வெள்ளி அளவில். ஹாங்காங்கில் லேமன் தொடர்புடைய பத்திரங்களை வைத்திருந்தோர் 43,000க்கும் மேற்பட்டோர்.

அக்டோபரில் சிங்கப்பூரின் ஹோங் லிம் பூங்காவில் சனிக்கிழமைதோறும் இவர்கள் கூடினர். நாணய ஆணையம், முதியோர், தொடக்கக் கல்வி மட்டுமே பெற்றோர், முதலீட்டு அனுபவம் இல்லாதோர் ஆகியோரின் முறையீடுகளை முதலில் ஆராயுமாறு நிறுவனங்களைப் பணித்தது. 2009 ஜூலையில் பத்து நிதி நிறுவனங்களுக்கு இத்தகைய பத்திரங்களை விற்க ஆறு மாதம் முதல் ஈராண்டு வரை தடை விதித்தது. ‘முதல் பாதுகாக்கப்பட்டது’ என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரை இனி விளம்பரங்களில் ஆளலாகாது என்பதும் அதனைத் தொடர்ந்த சீர்திருத்தங்களுள் ஒன்று. ஒரு நாட்டின் நாணய ஆணையம் ஒரு சொற்றொடரின் பொருள்மயக்கத்தைக் குற்றமாகக் கண்டு விலக்கியது மொழியியலாளர் குறித்து வைக்கவேண்டிய நிகழ்வாகும்.

வாஷிங்டனில் 700 பில்லியன் டாலர் மீட்புத் திட்டத்தை மக்களவை செப்டம்பர் 29இல் 228க்கு 205 என்னும் வாக்குகளில் நிராகரித்ததும், அன்று டவ் ஜோன்ஸ் குறியீடு 777.68 புள்ளிகள் வீழ்ந்ததும் நன்கு அறியப்பட்டவை. திருத்தப்பெற்ற சட்டம் அக்டோபர் 3இல் கையொப்பமானது.

புரதம் என அளக்கப்பட்டது

லேமன் வீழ்வதற்கு நான்கு நாள்களுக்கு முன்னர், செப்டம்பர் 11இல், சீனாவின் ஹெபெய் மாநிலத்தைச் சேர்ந்த சான்லு நிறுவனத்தின் குழந்தைப் பால்மாவில் மெலமைன் கலந்திருப்பது பொதுமக்களுக்கு அறிவிக்கப்பட்டது. அந்நிறுவனத்தில் 43 விழுக்காட்டுப் பங்குடைய நியூசிலாந்தின் ஃபொன்டெரா தன் அரசுக்குத் தெரிவிக்க, அவ்வரசு பெய்ஜிங்கிற்கு நேரடியாகத் தெரிவித்த பின்னரே இது நிகழ்ந்தது. ஆறு குழந்தைகள் இறந்தன. ஏறத்தாழ 3 இலட்சம் குழந்தைகள் சிறுநீரகக் கற்களாலும் பிற கோளாறுகளாலும் துன்புற்றனர்.

மெலமைனைப் பாலில் ஏன் கலக்க வேண்டும் என்பதைப் பல செய்திகள் ‘புரத அளவைக் கூட்டுவதற்காக’ என்றே எழுதின. அது பிழை. மெலமைனில் புரதம் அணுவளவும் இல்லை. கூடியது அளவீடு மட்டுமே. டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் பணியாற்றிய யோஹான் கெல்டால் 1883இல் வகுத்த முறையின்படி, உணவிலுள்ள நைட்ரஜனை அளந்து, அதனை ஒரு குறிப்பிட்ட எண்ணால் பெருக்கிப் புரதத்தின் அளவைக் கணிப்பர். பாலுக்கு அவ்வெண் 6.38. பாலில் நைட்ரஜன் உள்ள பொருளாகக் குறிப்பிடத்தக்கது புரதமே என்பது இம்முறையின் நம்பிக்கை. நேர்மையான பாலுக்கு அது பொருந்தும். தண்ணீர் சேர்த்த பாலில் நைட்ரஜன் குறையும். எடையில் மூன்றில் இரு பங்கு நைட்ரஜனையே கொண்ட மெலமைனைச் சிறிது தூவினால், ஒரு கிராம் மெலமைன் நாலே கால் கிராம் புரதமாக ஏட்டில் பதிவாகும். கருவி பொய் சொல்லவில்லை. அது நைட்ரஜனைச் சரியாகவே அளந்தது. நைட்ரஜனைப் புரதம் என்று படித்தது மனிதர்.

சான்லுவின் பொருள்கள் அரசின் தரச் சோதனையிலிருந்து விலக்களிக்கப்பட்டவை என்பது இதனினும் வியப்பானது. நற்பெயர் பெற்ற நிறுவனங்களுக்கு வழங்கப்பட்ட அவ்விலக்குமுறை அத்திங்களிலேயே ஒழிக்கப்பட்டது. தரக் கட்டுப்பாட்டுத் துறையின் தலைவர் செப்டம்பர் 22இல் பதவி விலகினார். சான்லுவின் தலைவருக்கு 2009 ஜனவரியில் ஆயுள் தண்டனையும், கலப்படத்தில் ஈடுபட்ட இருவருக்கு மரண தண்டனையும் விதிக்கப்பட்டன. நம் பகுதியில் சிங்கப்பூர் செப்டம்பர் 19இல் சீனப் பால் பொருள்கள் அனைத்தையும் தடை செய்தது. தலைமுறைகளாகப் பிள்ளைகள் உண்டு வந்த ‘ஒயிட் ரேபிட்’ மிட்டாயும் அதில் அடங்கியது. அந்நாள்களில் உணவுக்கடைகளின் மெலமைன் தட்டுகளைக் கண்டும் சிலர் அஞ்சினர். தட்டு, மெலமைனை ஃபார்மால்டிஹைடுடன் சேர்த்து இறுக்கிய பிசினால் ஆனது. பாலில் தூவப்பட்ட பொடியைப்போல் அது கரைந்து உடம்பில் சேர்வதில்லை. ஆயினும், கொதிக்கும் புளிப்புக் குழம்பை அதில் நெடுநேரம் வைத்திருப்பது நன்றன்று.

அகராதியால் இழந்த பதவி

அரசியலில் அத்திங்கள் பதவி விலகல்களின் திங்கள். ஜப்பானின் ஃபுகுடா முதல் நாளே விலகலை அறிவித்தார்; தென்னாப்பிரிக்காவின் தாபோ எம்பெக்கி 21இல் அறிவித்தார்; அதே நாளில் இஸ்ரேலின் ஓல்மெர்ட் விலகல் கடிதம் அளித்தார். இவற்றை விரிக்கப் புகவில்லை. தாய்லாந்தின் பிரதமர் சமாக் சுந்தரவேஜ் பதவியிழந்த விதமே நம் கவனத்திற்குரியது.

அவர் பிரதமராவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி நடத்தி வந்தவர். சமைத்துக்கொண்டே அரசியலைச் சாடுவது அந்நிகழ்ச்சியின் சுவை. 2008இல் பிரதமரான பின்னும் சில முறை அதில் தோன்றினார். அமைச்சர் எவரும் தனியார் நிறுவனத்தின் ஊழியராக இருத்தலாகாது என்பது 2007ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் 267ஆம் பிரிவு. தாம் ஊழியர் அல்லர், போக்குவரத்துக்கும் சமையல் பொருளுக்குமான செலவையே பெற்றதாக அவர் வாதிட்டார். அரசமைப்பு நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் செப்டம்பர் 9இல் ஒருமனதாக அதனை மறுத்தனர். தொழிலாளர் சட்டம் ஊழியர் என்பதற்குக் கூறும் குறுகிய இலக்கணத்தை ஏற்காமல், அரசக் கழக அகராதி கூறும் பொருளை எடுத்துக்கொண்டனர். தாய்மொழியில் அச்சொல் ‘லூக்ஜாங்’. பிள்ளை என்னும் பொருளுடைய சொல்லும் கூலிக்கு அமர்த்துதல் என்னும் பொருளுடைய சொல்லும் இணைந்தது. எத்தகைய ஊதியத்திற்கேனும் வேலை செய்ய ஒப்புக்கொண்டவர் எவரும் அச்சொல்லுள் அடங்குவர் என்பது அகராதியின் பொருள். பிரதமர் பதவி போயிற்று. அரசாங்க இல்லத்தை ஆகஸ்ட் 26 முதல் முற்றுகையிட்டிருந்த எதிர்ப்பாளர்களால் முடியாததை அகராதி முடித்தது. இத்தீர்ப்பைச் சட்டத்தின் வெற்றி எனக் கொண்டவரும் உளர். அரசியல் எனக் கொண்டவரும் உளர். அகராதி தொகுப்போர் தம் பணியின் விளைவு எதுவரை செல்லும் என்பதை எண்ணிப் பார்க்க இது வாய்ப்பளிக்கிறது.

மலேசியாவில் செப்டம்பர் 12ஆம் நாள் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மூவர் கைது செய்யப்பட்டனர்: இணைய எழுத்தாளர் ராஜா பெத்ரா, நாடாளுமன்ற உறுப்பினர் தெரேசா கோக், சின் சியூ நாளிதழின் செய்தியாளர் ஒருவர். செய்தியாளர் ஒரு நாளுக்குள் விடுவிக்கப்பட்டார். அவருக்கு மிரட்டல் இருந்தமையால் அவருடைய பாதுகாப்பிற்காகவே தடுத்து வைத்ததாக உள்துறை அமைச்சர் விளக்கம் தந்தார். ஆங்கிலத்தில் நாட்டின் பாதுகாப்புக்கு ஒரு சொல்லும் தனியாளின் பாதுகாப்புக்கு வேறொரு சொல்லும் உண்டு. மலாய் மொழியில் இரண்டுக்கும் ‘கெசெலாமாத்தான்’ ஒன்றே. தமிழிலும் ‘பாதுகாப்பு’ ஒன்றே. ஆங்கிலம் படித்தவருக்கு உடனே உறுத்திய பொருள்மாற்றம், மலாயிலும் தமிழிலும் படித்தவருக்கு ஒரே சொல்லுக்குள் ஒளிந்துகொண்டது. செப்டம்பர் 15இல், சட்ட விவகாரங்களுக்குப் பொறுப்பான அமைச்சர் ஸைட் இப்ராகிம் இக்கைதுகளைக் கண்டித்துப் பதவி விலகினார். இண்ட்ராஃப் தலைவர்கள் ஐவர் அப்போது அதே சட்டத்தின்கீழ்க் கமுந்திங்கில் இருந்தனர் என்பதை நம் வாசகர் அறிவர். அச்சட்டம் 2012இல் நீக்கப்பட்டது.

பதினைந்து வாட் வெப்பம்

அறிவியலுக்கு வருவோம். சுவிட்சர்லாந்து, பிரான்சு எல்லையில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள சுரங்கத்தில் அமைந்த செர்ன் ஆய்வகத்தின் பெரும் ஹாட்ரான் மோதுவியில் செப்டம்பர் 10ஆம் நாள் முதன்முதலாகப் புரோட்டான் கற்றை முழுச் சுற்றும் வந்தது. கருந்துளை தோன்றி உலகை விழுங்கிவிடும் என்னும் அச்சம் அதற்கு முன் பரவியது. இந்தியத் தொலைக்காட்சிகள் சில அதனைப் பெருக்கின. மோதுவியில் நிகழவிருப்பதைக் காட்டிலும் ஆற்றல் மிக்க மோதல்கள் அண்டக் கதிர்களால் நம் வளிமண்டலத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகளாக நிகழ்ந்து வருகின்றன என்பது அவ்வச்சத்திற்குப் போதிய விடை. ஆனால், ‘துளை’ என்னும் சொல் விழுங்குதலை நினைவூட்டும் வலிமையை எந்த விடையாலும் முற்றாக நீக்க இயலவில்லை. ‘கடவுள் துகள்’ என்னும் பெயரும் அத்தகையதே. லியோன் லேடர்மன் 1993இல் எழுதிய நூலின் தலைப்பாகிய அது, துகளை முன்மொழிந்தோருள் ஒருவரான பீட்டர் ஹிக்சுக்கே பிடித்தமற்றது.

மெய்யான விபத்து ஒன்பது நாள் கழித்து, அச்சம் அடங்கிய பிறகு, யாரும் நோக்காத இடத்தில் நேர்ந்தது. புரோட்டான்களை வளைக்கும் காந்தங்கள் மீக்கடத்திக் கம்பிகளால் ஆனவை. கழியம் 271.3 பாகை செல்சியசு அளவிற்கு நீர்ம ஹீலியத்தால் குளிர்விக்கப்படுங்கால் அவற்றில் மின்தடையே இராது. ஆயிரக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டம் வெப்பமின்றிப் பாயும். காந்தத்தைக் காந்தத்தோடு இணைக்கும் பற்றிணைப்புகள் 10,000க்கும் மேற்பட்டவை. அவற்றுள் ஒன்று சரிவரப் பற்றவைக்கப்படவில்லை. அதிலிருந்த தடை ஓர் ஓமின் ஏறத்தாழ 50 இலட்சத்தில் ஒரு பங்கு. செப்டம்பர் 19இல் 8,700 ஆம்பியர் பாய்ந்தபோது அவ்விணைப்பில் எழுந்த வெப்பம் 15 வாட் அளவினது. இரவு விளக்கு ஒன்றின் வெப்பம். அறை வெப்பநிலையில் ஒருவரும் உணரமாட்டார். அக்குளிரில் அது போதுமானதாயிற்று. கம்பி மீக்கடத்தும் தன்மையை இழந்தது. மின்பொறி எழுந்து ஹீலியக் கலத்தைத் துளைத்தது. ஏறத்தாழ 6 டன் ஹீலியம் வெளியேறியது. அழுத்தத்தால், ஒவ்வொன்றும் 35 டன் வரை எடையுள்ள காந்தங்கள் இடம்பெயர்ந்தன. 53 காந்தங்கள் மேலே கொண்டுவரப்பட்டன. சுரங்கத்தில் ஆள் இல்லாமையால் உயிர்ச்சேதம் இல்லை.

செர்ன் நிறுவனம் காரணத்தை மறைக்கவில்லை. சில வாரங்களிலேயே அறிக்கை வெளியிட்டது. ஒவ்வோர் இணைப்பின் தடையையும் தனித்தனியே கண்காணிக்கும் அமைப்பு புதிதாக நிறுவப்பட்டது. மோதுவி 2009 நவம்பர் 20இல் மீண்டும் இயங்கியது. 2010 முதல் திட்டமிட்ட ஆற்றலில் பாதியளவிலேயே இயக்கப்பட்டு, அந்நிலையிலேயே ஹிக்ஸ் துகளுக்கான சான்றுகளைத் திரட்டியது. 2012 ஜூலை 4இல் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டது. இணைப்புகள் அனைத்தையும் வலுப்படுத்தும் பணிக்காக 2013இல் மோதுவி நிறுத்தப்பட்டு, 2015இல் கூடிய ஆற்றலுடன் தொடங்கிற்று.

மீக்கடத்தி திடுமெனத் தன் தன்மையை இழப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்குத் தீயணைத்தல், தாகந்தணித்தல் என்னும் பொருள்களே அகராதிகளில் முதலில் காணப்படுகின்றன. அவற்றை அப்படியே எடுத்தாண்டால் ‘காந்தம் அணைந்தது’, ‘காந்தம் தணிந்தது’ என்று எழுத நேரும்; நிகழ்ந்ததோ குளிர்ந்திருந்தது வெப்பமுற்றது. ‘மீக்கடத்தல் முறிவு’ என்பதை நாம் முன்மொழிகிறோம். இயற்பியல் அறிந்த ஆசிரியர்கள் இதனினும் பொருத்தமான சொல்லைக் காண்பாராயின் ஏற்பதில் நமக்குத் தடையில்லை.